கரிசல் கேட்கும் கணக்கு

(கோவில்பட்டி வட்டாரச் சிற்றூர் ஒன்றில், ஊராட்சிப் பொறுப்பில் இருந்தவர்களும் ஊர்ப் பொதுமக்களும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



நான் பேசத் தொடங்குமுன்பே என் முதுகெலும்பு ஒரு சொற்பொழிவை ஆற்றி முடித்துவிட்டது. பெருஞ்சாலையை விட்டு இறங்கியதும் அது பேசத் தொடங்கிற்று. உங்கள் ஊர் மந்தைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் ஓய்ந்தது. பள்ளத்துக்கு ஒரு சொல், மேட்டுக்கு ஒரு சொல்! இனி நான் கூறப்போவது அந்தச் சொற்பொழிவுக்கு விளக்கவுரைதான்.

வழக்கமாக என்னை மேடைக்கு அழைப்போர், மொழி பற்றிப் பேசு, இன உரிமை பற்றிப் பேசு என்பர். நீங்களோ சாலை பற்றி, குடிநீர் பற்றி, தெருவிளக்கு பற்றிப் பேசிட அழைத்திருக்கிறீர்கள். சின்னஞ்சிறு செய்திகளாயிற்றே, இதற்கோ மேடை, இதற்கோ மாலை என்று எண்ணுவோர் உண்டு. சின்னஞ்சிறு செய்திகளா இவை? நள்ளிரவில் இடுப்புவலி கண்ட பெண்ணைக் கோவில்பட்டி மருத்துவமனைக்கு ஏற்றிச் செல்கிறார்களே, அந்த வண்டிக்குச் சாலைப் பள்ளம் சின்னஞ்சிறு செய்தியா? விடியுமுன் எழுந்து, வீட்டுக்குத் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டுத் தீப்பெட்டி ஆபீசுக்கு ஓடவேண்டிய தங்கைக்கு, குழாயில் காற்று மட்டும் வருவது சின்னஞ்சிறு செய்தியா? பாசிப்பயற்றையும் மிளகாய் வற்றலையும் ஏற்றிச்செல்ல லாரி வர மறுத்ததால், களத்து மேட்டிலேயே கேட்ட விலைக்குத் தள்ளிவிடுகிறானே உழவன், அவனுக்கு அது சின்னஞ்சிறு செய்தியா? உரிமை என்ற பெரிய சொல் ஊருக்குள் நுழையும்போது இந்த வடிவத்தில்தான் நுழைகிறது, தோழர்களே!

ஊராட்சி உறுப்பினர் ஒருவர் ஊர் மக்களிடம் வந்து நிற்கிறார். “நான் உங்களுக்குச் சாலை போட்டுத் தந்தேன், நான் உங்களுக்கு விளக்குப் போட்டுத் தந்தேன்” என்கிறார். நாமும் கைதட்டி, துண்டு போர்த்தி அனுப்பி வைக்கிறோம். ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்! தந்தேன் என்றால், எதை விற்றுத் தந்தார்? பாட்டன் தேடிவைத்த புஞ்சையை விற்றா? மனைவியின் தாலிச் சங்கிலியை அடகு வைத்தா? நீங்கள் கட்டிய வீட்டு வரி, நீங்கள் வாங்கிய பொருளுக்கெல்லாம் செலுத்திய வரி, அது அரசின் கருவூலம் சென்று திரும்பி வந்து சாலையாயிற்று. 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 110ஆம் பிரிவு, ஊர்ச் சாலைகள், தெருவிளக்கு, கழிவுநீர் வாய்க்கால், குடிநீர், இடுகாடு ஆகியவற்றைக் கவனிப்பது ஊராட்சியின் கடமை என்று கூறுகிறது. சட்டம் கடமை என்று கூறுவதை நாம் கருணை என்று கொண்டாடுகிறோம். கருணைக்கு நன்றி சொல்வார்கள். கடமைக்குக் கணக்குக் கேட்பார்கள். நன்றி சொல்லப் பழகிவிட்ட நாம், கணக்குக் கேட்கப் பழகவேண்டும். நான் கூற வந்தது இவ்வளவுதான்.

கணக்குக் கேட்பது எப்படி? முதலில் மண்ணைக் கேட்போம்.

நம் கரிசல் மண் தனிக்குணம் வாய்ந்தது. மழை பெய்தால் நீரைக் குடித்து உப்பும். வெயில் காய்ந்தால் சுருங்கிப் பிளக்கும். பங்குனி, சித்திரையில் ஆட்டுக்குட்டியின் கால் சிக்கிக்கொள்ளும் அளவுக்கு வெடிப்பு விழுவதைக் காணாதவர் இங்கு எவருமில்லை. பருத்திக்கு அது வரம். சாலைக்கு அது சோதனை. ஓரத்து மண் நனைந்து உப்புகிறது, நடுவே தாருக்கு அடியிலுள்ள மண் உப்பாமல் கிடக்கிறது. மேலே இருக்கும் தார் என் செய்யும்? நீளவாக்கில் கிழிகிறது. கிழிசலில் நீர் இறங்குகிறது. அடுத்த ஐப்பசியில் கிழிசல் குழியாகிறது. கார்த்திகையில் குழி குட்டையாகிறது.

இதற்கு மாற்று இல்லாமலா போயிற்று? உண்டு. சாலையின் அடித்தளத்தைத் தரைமட்டத்திலிருந்து உயர்த்தவேண்டும். கரிசலுக்கும் கல்லுக்கும் இடையே, உப்பாத சரள் மண்ணைக் கனமாகப் பரப்பி இறுக்கவேண்டும். தேவையான இடத்தில் மண்ணோடு சுண்ணாம்பு கலந்து அதன் உப்பும் குணத்தை அடக்கவேண்டும். இருபுறமும் வாய்க்கால் வெட்டி, நீர் குறுக்கிடும் இடத்தில் சிறுபாலம் கட்டவேண்டும். பொறியாளர்கள் நெடுநாளாக அறிந்த செய்திகள் இவை. கோவில்பட்டியில் 1901ஆம் ஆண்டிலேயே வேளாண் ஆராய்ச்சி நிலையம் அமைத்து, இந்த மண்ணில் எந்தப் பருத்தி விளையும் என்று ஆராய்ந்தார்களே! நூறாண்டுக்கு மேலாக ஆராயப்பட்ட மண்ணின்மீது, அதன் குணமே தெரியாதவர்போல் சாலை போட்டால், அது அறியாமையா? அன்று! எவரும் கேட்கமாட்டார் என்ற துணிச்சல்.

அந்தத் துணிச்சலின் விலை என்ன என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன் நான். ஆகவே கடினமான கணக்காக இராது, அஞ்சவேண்டாம்! ஒரு கிலோமீட்டர் நீளம், மூன்றே முக்கால் மீட்டர் அகலம், மேலே 20 மில்லிமீட்டர் கனத்துக்குத் தார்க்கலவை என்று வைத்துக்கொள்ளுங்கள். வேண்டிய கலவை 75 கனமீட்டர். 20 என்று எழுதிவிட்டு 15 போட்டால்? ஐந்து மில்லிமீட்டர்தானே, நகத்து நுனி அளவுதானே குறைந்தது என்பர். ஆனால், ஏறத்தாழ 19 கனமீட்டர் கலவை வந்து சேரவே இல்லை. சாலையின் மேற்பரப்பில் கால் பங்கு, சாலைக்கு வராமலே வேறெங்கோ போய்ச் சேர்ந்துவிட்டது! நகத்து நுனியில் கால் பங்குச் சாலை ஒளிந்திருக்கிறது, தோழர்களே!

மழையும் ஒருநாள் நம்மிடம் கணக்குக் கேட்டது. ஆண்டு முழுவதும் சேர்த்தாலும் 700 மில்லிமீட்டர் அளவே மழை காணும் வானம்பார்த்த பூமி இது. 2023 டிசம்பர் 17, 18 நாட்களில் என்ன கண்டோம்? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர்; கோவில்பட்டியிலே ஏறத்தாழ அரை மீட்டர். ஆண்டு மழையின் பெரும்பகுதியை ஒரே நாளில் கொட்டித் தீர்த்தது வானம். மாவட்டமெங்கும் குளங்களும் கண்மாய்களும் உடைந்தன; சாலைகள் அறுந்தன; ஊர்கள் தீவுகளாயின. அது இயற்கையின் சீற்றம், மறுக்கவில்லை. ஆனால், ஓடையை மறித்துப் போட்ட சாலைக்கும், சீமைக் கருவேலம் மண்டிய வரத்துக் காலுக்கும் இயற்கையா பொறுப்பு? நீர் தன் பழைய பாதையை மறப்பதில்லை, மறந்தவர்கள் நாம்.

சாலையை விட்டுக் குழாயடிக்கு வருவோம். தாமிரபரணி நீர் குழாய்வழியே இந்த வறண்ட பகுதிக்கு வந்து சேர்வது மகிழ்ச்சிக்குரியது. 2019இல் தொடங்கிய சல் சீவன் திட்டம், ஊரகத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று அளவு சொல்லிற்று. ஆயிரம் பேர் வாழும் ஊருக்கு 55,000 லிட்டர். ஊரிலே இருப்பது 30,000 லிட்டர் தொட்டி என்றால், அது நாளுக்கு ஏறத்தாழ இருமுறை நிறைந்தாகவேண்டும். நிறைகிறதா? மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடிற்று? எந்தத் தெருவுக்கு எப்போது திறந்துவிடப்பட்டது? இதைத் தெரிந்துகொள்ளப் பட்டப்படிப்பு வேண்டா; ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு பென்சிலும் போதும்.

எந்தத் தெருவுக்கு என்று கேட்டேனே, அதிலேதான் நம் இயக்கத்தின் உயிர் இருக்கிறது. முதல் விளக்கு எந்தத் தெருவில் எரிகிறது? கடைசிக் குழாய் எந்தத் தெருவில் முடிகிறது? தார்ச்சாலை எந்த இடத்தில் மண்பாதையாக மாறுகிறது? ஊருக்குச் சாலை போட்டோம் என்று கணக்கு எழுதி, காலனிக்கு முன்னால் அந்தச் சாலை முடிந்துவிடுமானால், அந்தக் கணக்கு எண்ணால் சரியாக இருந்தாலும் நீதியால் தவறு. அதுபோலவே, உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016இல் சட்டம் செய்து, 2019 தேர்தலில் அதன்படி வாக்களித்தோம். பெயர்ப்பலகையிலே மனைவி, நாற்காலியிலே கணவர் என்றால், கணக்கை யாரிடம் கேட்பது? கையொப்பம் இடுபவரே பதில் சொல்லவேண்டும். பதில் சொல்ல அவரை விடவேண்டும்.

கணக்குக் கேட்பது நமக்குப் புதிதன்று. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவர்தம் நெருங்கிய உறவினரையும் குடவோலைக்குத் தகுதியற்றோர் என்று ஒதுக்கிற்று. அந்தச் சபையை நான் புகழ வரவில்லை. நிலமும் வேதமும் உடையோர்க்கே அங்கு இடம். உழைப்பவனுக்கும் பெண்ணுக்கும் இடமில்லை. அவர்கள் கட்டிய வேலியை நாம் தகர்த்தோம்; அவர்கள் எழுதிய கணக்கு விதியை மட்டும் ஏன் கைவிடவேண்டும்?

தொலைவிலே இராசத்தானத்தைப் பாருங்கள். 1994 டிசம்பரில், கோட் கிரானா என்ற சிற்றூரில் மக்கள் கூடினர். உழவர் உழைப்பாளர் அமைப்பினர், ஊராட்சிப் பணிகளின் செலவுக் கணக்கை வெட்டவெளியில், எல்லோர் காதிலும் விழும்படி படித்தனர். ஏட்டிலே இருந்ததும் எதிரே இருந்ததும் ஒத்துப்போகவில்லை என்பது அம்பலமாயிற்று. அதுபோன்ற கூட்டங்களில் எழுந்த குரல்தான் வளர்ந்து, 2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டமாயிற்று. அதற்கு முன்பே, 1997இல், அத்தகைய சட்டத்தை முதன்முதலில் இயற்றிய மாநிலம் நம் தமிழகம் என்பதையும் நினைவிற் கொள்க. 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்து ரூபாய்க் கட்டணத்தில் விண்ணப்பித்து, முப்பது நாளில் பதில் பெறலாம். பதில் மட்டுமன்று, நடக்கும் வேலையைப் பார்வையிடலாம், போட்ட பொருளின் மாதிரியையும் கேட்டுப் பெறலாம். தார்க்கலவையின் மாதிரியைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு!

அதற்கும் எளிய வழி கிராமசபை. குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தியடிகள் பிறந்தநாள் என்றிருந்த நான்கோடு, மார்ச்சு 22, நவம்பர் 1 ஆகிய நாட்களும் சேர்க்கப்பட்டு ஆறாயின. மக்கள்தொகை 501 முதல் 3,000 வரையுள்ள ஊராட்சியில் 100 பேர் கூடினால்தான் அது சபை. நூறு பேர் வந்தார்களா, அல்லது நூறு கையொப்பம் மட்டும் வந்ததா? அதை நான் கேட்கவில்லை. உங்கள் மனச்சான்று கேட்கட்டும்.

இனி, கசப்பான ஒன்றையும் கூறவேண்டும். நம் ஏட்டிலே வெளிவரும் என்று தெரிந்தே கூறுகிறேன். பதவிக்காலம் முடியுமுன்பே உள்ளாட்சித் தேர்தல் நடந்து முடியவேண்டும் என்கிறது நம் அரசியல் சட்டம். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. அடுத்தவர் பொறுப்பேற்றது 2020 சனவரி 6 அன்று. மூன்றாண்டுக்கு மேல் ஊராட்சிகளில் மக்கள் பிரதிநிதி இல்லை. அந்த உறுப்பினர்களின் காலம் 2025 சனவரி 5 அன்று முடிந்தது. மீண்டும் தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தனர். முதல் முறை ஆண்டது ஒரு கட்சி, இரண்டாம் முறை ஆண்டது மற்றொரு கட்சி. இரு முறையும் காரணங்கள் கூறப்பட்டன. மாற்றார் செய்தபோது சனநாயகப் படுகொலை என்று முழங்கியவர்கள், நம்மவர் காலத்தில் நடந்தால் நிர்வாகக் காரணம் என்று முணுமுணுக்கலாமா? தராசுக்குத் தட்டு இரண்டு இருக்கலாம். முள் ஒன்றுதான், தோழர்களே! தனி அலுவலர் நல்லவராக இருக்கலாம், ஆனால், அவரை மந்தையில் நிறுத்தி, “ஏனப்பா, எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை?” என்று கேட்க முடியாதே!

இறுதியாக, பொறுப்பில் இருந்த, இனிப் பொறுப்புக்கு வர விரும்பும் நம் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரவேற்பு வளைவு வேண்டா. வரவு செலவு எழுதுங்கள். ஊர்ச் சாவடிச் சுவரிலே வெள்ளையடித்துக் கொட்டை எழுத்தில் எழுதுங்கள்: இது எந்தச் சாலை? நெடுஞ்சாலைத் துறையுடையதா, ஒன்றியத்துடையதா, ஊராட்சியுடையதா? நீளம் என்ன, தொகை என்ன? ஒப்பந்தக்காரர் யார்? எந்த ஆண்டுவரை பழுதுபார்ப்பது அவர் பொறுப்பு? செய்ய முடியாமற் போனது எது, ஏன்? கடைசி வரிதான் முக்கியம். “இந்த வேலையை என்னால் முடிக்க இயலவில்லை, காரணம் இது” என்று எழுதும் உறுப்பினனை மக்கள் வெறுக்கமாட்டார்கள். மறைப்பவனைத்தான் வெறுப்பார்கள்.

பக்கத்து இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன், இந்தக் கரிசல் மக்கள் பேசும் சொற்களை ஒவ்வொன்றாகத் தொகுத்து அகராதி செய்தார். சொல்லுக்கே கணக்கு வைத்த பூமி இது. கல்லுக்குக் கணக்கு வைக்கக்கூடாதா?

நான் நாடகம் எழுதுபவன். நாடகத்தில், திரை விழுந்ததும் வேடத்தைக் கலைத்துவிட்டு நடிகன் வீட்டுக்குப் போய்விடலாம், பார்த்தவரும் போய்விடலாம். ஊராட்சியில் அது இயலாது. வேடம் போட்டவரும் பார்த்தவரும் மறுநாள் காலையில் அதே சாலையில்தான் நடக்கவேண்டும். ஆகவே, அடுத்த கிராமசபையில் முதல் கேள்வியை மாற்றுக் கட்சிக்காரர் கேட்கட்டும் என்று காத்திராதீர்கள். நம் கட்சிக் கரைவேட்டி கட்டியவரைப் பார்த்து, நம் கட்சிக்காரரே எழுந்து கேளுங்கள். மரியாதையோடு கேளுங்கள், ஆனால், பதில் வரும்வரை உட்காராதீர்கள்!