வடக்கு மதிலின் நானூறு பெயர்கள்

இன்று தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போகிறோம். நந்தியையும் விமானத்தையும் நீங்கள் பலமுறை பார்த்திருப்பீர்கள். அதனால் இன்றைக்குச் சுவர்களோடு மட்டும் நடப்போம்.

கேரளாந்தகன் வாசல், ராஜராஜன் வாசல் இரண்டையும் கடந்து விமானத்தருகே வந்தால், கருங்கல்லில் வரிவரியாக எழுத்து. இந்தக் கோயிலை யார் கட்டினார் என்பதே ஒரு காலத்தில் மறந்துபோயிருந்தது. தலபுராணம் கரிகாலன் பெயரைச் சொன்னது. 1886க்குப் பிறகு, கல்வெட்டு அறிஞர் ஹுல்ஷ் இந்த வரிகளைப் படித்துத்தான் கட்டியவன் ராஜராஜன் என்று உறுதியாகச் சொன்னார். அரண்மனையின் திருமஞ்சன சாலையில் இருந்தபடி, தானும் தன் அக்கன் குந்தவையும் தன் தேவியரும் மற்றவர்களும் கொடுத்ததையெல்லாம் கல்லில் வெட்டுங்கள் என்று அரசன் ஆணையிட்டது, அவனுடைய 26ஆம் ஆட்சியாண்டில். கொடுத்தவர் யாராயினும் பெயர் கல்லில் ஏற வேண்டும் என்ற அந்த மனம் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இனி வடக்குத் திருச்சுற்றின் வெளிப்புறத்துக்கு வாருங்கள். பயணிகள் அதிகம் வராத பக்கம் இது. இங்கேதான் ராஜராஜனின் 29ஆம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கிறது. திருவையாறு, திருவாரூர், நாகப்பட்டினம், பழையாறை என்று பல ஊர்க் கோயில்களிலிருந்து அழைத்துவந்து குடியமர்த்திய நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயில் ஆடல் மகளிரின், பட்டியல். தெற்குத் தளிச்சேரி, தென்சிறகு (தெற்கு வரிசை), தலைவீடு (முதல் வீடு), இரண்டாம் வீடு என்று தெருவும் வீடும் எழுதி, அந்த வீட்டுக்காரியின் பெயரும் அவள் வந்த ஊர்க் கோயிலும் எழுதியிருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய விலாசம், அம்மா! ஆளுக்கு ஒரு பங்கு. பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல்.

அவர்களோடு பட்டியல் நின்றுவிடவில்லை. நட்டுவர், மத்தளம் கொட்டுவோர், கணக்கர், வண்ணார், குயவர், தையற்காரர், கன்னார் எல்லாரும் உண்டு. குஞ்சரமல்லன் என்ற தச்சனுக்கு ராஜராஜப் பெருந்தச்சன் என்ற பட்டம். மயிர் வினைஞருக்கும் அரசன் பெயரிலேயே ராஜராஜப் பெருநாவிசன் என்ற பட்டம். ஒருவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ, அந்தப் பங்கைப் பெறும் அடுத்த உறவினர் அந்த வேலையைச் செய்ய வேண்டும். தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள ஆளை அமர்த்த வேண்டும். கோயில் ஒரு ஊரையே தாங்கியது, அந்த ஊர் கோயிலைத் தாங்கியது. விமானத்தின் உயரத்தைவிட இந்த மதில்தான் சோழர் காலத்தை நமக்கு நெருக்கமாகக் காட்டுகிறது என்பேன்.

அடுத்தமுறை தஞ்சாவூர் போகும்போது பிள்ளைகளையும் இந்தப் பக்கம் கூட்டிவாருங்கள். டகரமும் பகரமும் இன்றைய எழுத்தைப் போலவே இருக்கும், அவர்களே கண்டுபிடிப்பார்கள். சாவியாலோ ஆணியாலோ அந்தக் கல்லில் கீறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.