லீவுக்கு வரும் பேரப்பிள்ளைகள்

(முன்னாள் மாணவியர் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

இதே விடுதியில் உப்புமாவைத் திட்டிக்கொண்டே என்னோடு சாப்பிட்ட தோழிகளே, பின்வரிசையில் உட்கார்ந்து "இந்த ஆச்சி எப்போ முடிப்பாங்க" என்று வாட்சைப் பார்க்கிற மாணவிச் செல்வங்களே!

செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு 'முதுமையும் இன்பமும்'. ரொம்பப் பெரிய தலைப்பு. நான் முப்பத்தாறு வருஷம் தபால் இலாகாவில் குப்பை கொட்டியவள். விலாசம் தெளிவாக இருந்தால்தான் எனக்கு வேலை ஓடும். ஆகவே செயலாளர் கோபித்துக்கொள்ளக் கூடாது, தலைப்பைச் சுருக்கிக்கொண்டேன். பள்ளிக்கூட லீவில் வருகிற பேரப்பிள்ளைகளோடு நாம் எப்படி இருப்பது, அவ்வளவுதான் பேச்சு.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. குழந்தை தனியாக வந்து நம் வீட்டில் தங்க ஐந்து வயதாவது ஆக வேண்டும். பதினைந்து வயதுக்கு மேல் பத்தாவது, ஸ்பெஷல் கிளாஸ், டியூஷன், கோச்சிங் என்று ஆரம்பித்துவிடும். அப்புறம் அது நம் பிள்ளை இல்லை, மார்க் ஷீட்டின் பிள்ளை. ஆக, பத்து கோடை விடுமுறைகள். கோடை முழுக்க ஆச்சி வீடு என்பது நம் காலத்தோடு போச்சு. இப்போது நீச்சல் கிளாஸ், கீபோர்டு கிளாஸ் எல்லாம் போகப் பதினைந்து நாள் மிஞ்சினால் பெரிசு. பத்துப் பதினைந்து 150 நாள். அதில் பாதி சம்பந்தி வீட்டுக்கு. மிச்சம் 75 நாள். ஒரு பேரக் குழந்தையோடு கோடையில் நமக்கு ஆயுசுக்கும் கிடைப்பது இரண்டரை மாதம்! இந்தக் கணக்கை நான் போட்டுக் காட்டியபோது எங்க வீட்டுக்காரர் பேப்பரைக் கீழே வைத்துவிட்டார். அவர் பேப்பரைக் கீழே வைத்து நான் பார்த்தது அபூர்வம்.

அடுத்து காலண்டர். எனக்கு மூன்று பேரப்பிள்ளைகள். ஒன்று சென்னை, ஒன்று பெங்களூர், ஒன்று அமெரிக்காவில் நியூஜெர்சி. சென்னைக்காரனுக்கு மே மாதம் லீவு. பெங்களூர்க்காரிக்கு ஏப்ரலிலேயே ஆரம்பித்து மே கடைசியில் முடிந்துவிடும். அமெரிக்காக்காரனுக்கு ஜூன் கடைசியில்தான் பள்ளிக்கூடம் மூடுகிறார்கள், செப்டம்பரில் திறக்கிறார்கள். அவன் பெட்டியோடு வந்து இறங்கும்போது இவர்கள் இரண்டு பேரும் யூனிபாரம் போட்டு ஸ்கூலில் உட்கார்ந்திருப்பார்கள். அவனுக்குக் குற்றால சீசன் கிடைக்கும், ஆனால் சேர்ந்து குளிக்க அத்தான் கிடைக்க மாட்டான். மூன்றுக்கும் பொதுவாக லீவு விழுகிற ஒரே காலம் டிசம்பர் கடைசி வாரம். அரைப் பரீட்சை லீவு, கிறிஸ்துமஸ் லீவு எல்லாம் அங்கேதான் சந்திக்கிறது. பொங்கலுக்கு வாங்க என்று நாம் கூப்பிடுவோம். பொங்கலுக்குள் அங்கே பள்ளிக்கூடம் திறந்துவிடும். அதனால் இரண்டு வருஷத்துக்கு ஒரு டிசம்பர் என்று எங்கள் வீட்டில் பேசி வைத்திருக்கிறோம். விமான டிக்கெட் அந்த வாரத்தில் யானை விலை. ஆனாலும் அந்தப் பத்து நாளில் பிள்ளைகள் நம்மைப் பார்க்க வருவதைவிட ஒருத்தரை ஒருத்தர் பார்க்கத்தான் வருகிறார்கள். நாம் சமையல் செய்து போட்டுவிட்டு ஒதுங்கி உட்கார வேண்டியதுதான்.

சமையல் என்று சொன்னதும் ஒன்றைப் பேசியே ஆக வேண்டும். 'லீவு' என்கிறோமே, யாருக்கு லீவு? தாத்தாமார்களுக்குக் கொண்டாட்டம். பேரனைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போய் அல்வா வாங்கிக் கொடுத்துப் பெயர் வாங்கிவிடுவார்கள். ஆச்சிமார் காலை ஐந்து மணிக்கு அடுப்பைப் பற்ற வைத்தால் ராத்திரி பத்துக்குப் பாலை உறை ஊற்றுகிறவரை நிற்க வேண்டும். முழங்கால் என்ன இரும்பா? பிள்ளைகள் ஊருக்குப் போன மறுநாள் படுத்து, பத்து நாள் எழுந்திருக்காத தோழிகளை எனக்குத் தெரியும். நான் முதல் வருஷமே சட்டம் போட்டுவிட்டேன். காலைப் பலகாரம் வீட்டுக்காரர் பொறுப்பு. அவருக்குத் தெரிந்தது தோசை மட்டும்தான்; அதுவும் வட்டமாக வராது, இந்தியா மேப் மாதிரி வரும். பிள்ளைகள் மாநிலம் மாநிலமாகப் பிய்த்துத் தின்னுதுக. "தாத்தா, எனக்குக் குஜராத்" என்று சண்டை வேறு. மதியம் இரண்டிலிருந்து நாலு வரை ஆச்சி ரூம் கதவு சாத்தியிருக்கும். ரத்தக் காயம் இருந்தால் மட்டும் தட்டலாம்.

சரி, மிச்ச நேரத்தில் என்ன செய்வது? பலபேர் டூர் கூட்டிப் போவதுதான் லீவு என்று நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் பிள்ளைகளுக்கு வேலை கொடுத்தால் போதும். நிஜமான வேலை. மே மாதத்தில் மொட்டை மாடியில் கூழ்வத்தல் போடுகிறேன். காக்கா விரட்டுகிற உத்தியோகம் இரண்டு பேருக்கு, ஷிப்ட் முறையில். கூழில் பாதி வயிற்றுக்குள்ளே போய்விடும், போகட்டும். பெங்களூர்ப் பேத்திக்கு அவள் காவல் காத்த வத்தலை ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தனுப்பினேன். "இது நான் காய வெச்சது" என்று சாம்பார் சாதம் வைக்கிற அன்றெல்லாம் வீட்டில் விளம்பரமாம். நுங்கு வாங்கினால், குடித்த காய் இரண்டையும் ஒரு குச்சியில் கோத்து, கவட்டைக் கம்பு வைத்துத் தள்ளுகிற வண்டி செய்து கொடுப்பது தாத்தா இலாகா. ஆத்துக் குளியல் மட்டும் பெரிய ஆள் ஒருத்தர் கூடவே தண்ணீரில் நிற்காமல் கிடையாது. எந்த லீவிலும் பேப்பரில் ஒரு செய்தியாவது வருகிறது, நீங்களும் படித்திருப்பீர்கள்.

வெளியே போகத்தான் வேண்டும் என்றால் பக்கத்திலேயே போகலாம். நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளம் இருக்கிறது. 1994-ல் சரணாலயமாக அறிவித்தார்கள். ஆனால் அதற்கு வெகு காலம் முன்பிருந்தே அந்த ஊர்க்காரர்கள் பறவைகளைக் காத்து வருகிறார்கள். பறவைக்குப் பயம் வருமே என்று தீபாவளிக்கு வெடி போடாத ஊர் அது. மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் வீட்டு வாசல் மரத்திலேயே கூடு கட்டியிருக்கும். குளத்தில் தண்ணீர் நின்ற வருஷமாக இருந்தால் கோடை லீவிலும் குஞ்சுகளைப் பார்க்கலாம்.

இன்னொன்று ஆதிச்சநல்லூர். திருவைகுண்டம் போகிற வழிதான். 1876-ல் ஜெர்மனியிலிருந்து வந்த ஜாகோர் என்பவர் முதலில் தோண்டிப் பார்த்தார். பிறகு 1899-லிருந்து அலெக்சாண்டர் ரீ சில வருஷங்கள் தோண்டினார். 2023-ல் தோண்டிய இடத்திலேயே ஒரு காட்சிக்கூடம் திறந்தார்கள். காலுக்குக் கீழே கண்ணாடி. அதற்கடியில் முதுமக்கள் தாழிகள் கிடந்த கிடையிலேயே இருக்கின்றன. சென்னைப் பேரன் குனிந்து ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "ஆச்சி, உங்களையும் இப்படிப் பானைக்குள்ள வைப்பாங்களா?" என்றான். என் மகனுக்கு முகம் மாறிவிட்டது. நான், "இப்போ அவ்வளவு பெரிய பானை வனைய ஆள் கிடைக்காதுடா" என்றேன். அன்றைக்கு ராத்திரி மொட்டை மாடியில் படுத்துக்கொண்டு சாவைப் பற்றி அவனும் நானும் ஒரு மணி நேரம் பேசினோம். செத்தவர்களுக்கு ஏன் பானையில் அரிசி, நெல்லெல்லாம் வைத்தார்கள் என்று அவனே ஒரு காரணம் கண்டுபிடித்தான். சென்னையில் ஸ்கூல் வேனுக்கும் ஹோம் ஒர்க்குக்கும் நடுவில் இந்தப் பேச்சு எங்கே வரப்போகிறது?

இனி சொல்லப்போவது என் தோழி ஒருத்தியின் விஷயம். இந்த அரங்கில்தான் இருக்கிறாள். சொல்லலாம், பெயர் மட்டும் வேண்டாம் என்று அனுமதி கொடுத்திருக்கிறாள்.

அவளுடைய ஒரே மகன் 2021-ல் கொரோனாவில் போய்விட்டான். மருமகள் ஏழு வயதுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு கோயம்புத்தூரில் தன் அப்பா அம்மாவிடம் போனாள். மகன் பேரில் ஒரு வீடு, கொஞ்சம் இன்சூரன்ஸ் பணம். இது போதாதா, இரண்டு பக்கத்து உறவுக்காரர்களும் பேச ஆரம்பித்தார்கள். பேச்சு வார்த்தை நின்றது. போனை எடுப்பதும் நின்றது. ஒன்றரை வருஷம் பேத்தியின் முகத்தைப் பார்க்கவில்லை. "கோர்ட்டுக்குப் போ" என்று சொன்னவர்கள் நிறையப் பேர். 1890-ல் வந்த கார்டியன் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன்படி கேட்கலாம், கோர்ட்டு குழந்தையின் நலனைத்தான் பார்க்கும். என் தோழி வக்கீலைப் பார்த்தாள், எல்லாம் கேட்டுக்கொண்டாள், திரும்பி வந்துவிட்டாள். "ஜெயிச்சாலும் அந்தப் பிள்ளை என் வீட்டுக்கு ஆர்டர் பேப்பரோட இல்ல வரும்" என்றாள்.

அவள் செய்தது இரண்டு. முதலில் வீட்டிலும் பணத்திலும் தனக்கு உள்ள பங்கைப் பேத்தி பேருக்கே எழுதி, பத்திரத்தை மருமகளுக்கு அனுப்பிவிட்டாள். கூட எந்த நிபந்தனையும் எழுதவில்லை. இரண்டு மாதம் கழித்து, காலாண்டு லீவில் ஐந்து நாள் பேத்தியைப் பார்க்கலாமா என்று ஒரு கடிதம் போட்டாள். மருமகளிடமிருந்து போன் வந்தது: "அத்தை, அவளை இப்போ தனியா அனுப்ப எனக்கு மனசு வரல. நீங்க இங்க வாங்க." சம்பந்தி வீட்டில் போய் ஐந்து நாள் தங்குவதா? நம் பக்கம் வழக்கமில்லாத வழக்கம். போனாள். சம்பந்தியம்மா வாசலுக்கே வந்து, "வாங்க மதினி" என்றாராம். நவராத்திரி சமயம். இரண்டு ஆச்சிகளும் பேத்தியும் சேர்ந்து கொலு வைத்தார்கள். அடுத்த வருஷம் கோடையில் அந்தப் பெண் இவளோடு ரயிலேறி வந்து பன்னிரண்டு நாள் இருந்தது. அப்பா படித்த பள்ளிக்கூடம், அப்பா ஏறி விழுந்த கொய்யா மரம் எல்லாம் பார்த்தது. அப்பாவின் பழைய கணக்கு நோட்டில் ஒன்று வேண்டும் என்று கேட்டு வாங்கிப் போனதாம். அவள் சொத்தை எழுதிக் கொடுத்தது சரியா தவறா என்று என்னிடம் வாதம் செய்தவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகவே படுகிறது. ஆனால் வேறு ஒருத்தியின் பிழைப்பே அந்தப் பணத்தில் இருந்தால் இதைச் செய் என்று நான் சொல்ல மாட்டேன்.

அமெரிக்கா போகிற ஆச்சிமாருக்கு ஒரு வார்த்தை. பெரும்பாலும் ஆறு மாதம் தங்க விடுகிறார்கள். அந்த ஆறு மாதத்தில் ஜூலை, ஆகஸ்ட் இரண்டும் உள்ளே வருகிற மாதிரி டிக்கெட் போடச் சொல்லுங்கள். பனிக்காலத்தில் போனால், பிள்ளைகள் மத்தியானம் மூன்று மணிக்கு மேல்தான் வரும். அதுவரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு அரிசி களைய வேண்டியதுதான். மருத்துவ இன்சூரன்ஸ் இல்லாமல் விமானம் ஏற வேண்டாம். ஏற்கெனவே உள்ள சர்க்கரை, பிரஷருக்கு அது எவ்வளவு தூரம் கொடுக்கும் என்பதையும் படித்துப் பாருங்கள், சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள்.

உள்ளூர் ரயிலுக்கும் ஒன்று. முதியோர் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள். அதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். ஐந்து வயது முடிந்து பன்னிரண்டு ஆகாத பிள்ளைக்குத் தனி பெர்த் கேட்டால் முழு டிக்கெட், நம்மோடு ஒட்டிக்கொண்டு படுத்தால் அரை டிக்கெட். எட்டு வயதுப் பையனோடு ஒரே பெர்த்தில் படுத்துப் பாருங்கள், விடியும்போது நீங்கள் தரையில் இருப்பீர்கள். முழு டிக்கெட்டே எடுங்கள்.

லீவு இல்லாத மாதங்களில் நான் போஸ்ட் கார்டு போடுகிறேன். பழைய இலாகா விசுவாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 பைசாதான். மாமரத்தில் எத்தனை காய், பூனை எந்த அலமாரியில் குட்டி போட்டது, இவ்வளவுதான் செய்தி. பெங்களூர் அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் முதல் கார்டைப் பார்த்துவிட்டு, ஏதோ நோட்டீஸ் என்று மேனேஜரிடம் கொடுத்தாராம். இப்போது பேத்தி பிரிட்ஜ் கதவில் வரிசையாக ஒட்டி வைத்திருக்கிறாள். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க அவளுக்கு வேறு பாடப் புத்தகம் கிடையாது.

மாணவிகளே, நீங்கள் இதில் பேத்திக் கட்சி. விடுதியிலிருந்து ஊருக்குப் போகிறபோது வழியில் ஆச்சி வீடு இருந்தால் ஒரு ராத்திரி இறங்கிப் போங்கள். போய் போனை நோண்டிக்கொண்டு உட்காராதீர்கள். அந்தப் போனிலேயே அவர்கள் குரலைப் பிடித்து வையுங்கள். "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் "நல்லா இருக்கேன்" என்பதோடு முடிந்துவிடும். "நீங்க கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த அன்னைக்கு என்ன சமைச்சாங்க?" என்று கேட்டுப் பாருங்கள், பேட்டரி தீருகிறவரை வரும்.

மணி அடித்துவிட்டார்கள். நியூஜெர்சிப் பேரன் தமிழில் எண்ணக் கற்றுக்கொண்டது பல்லாங்குழியில்தான். ஒரு குழியில் நாலு முத்து சேர்ந்தால் 'பசு' என்று கத்திக்கொண்டு எடுப்பான். அந்தப் பலகையையும் ஒரு பை புளியமுத்தையும் கொண்டுவந்திருக்கிறேன். சாப்பாட்டுக்கு அப்புறம் வேப்பமரத்தடியில் இருப்பேன். ஆடத் தெரியாதவர்கள் முதலில் வரலாம்.