அசையாத முள்



சில ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் ஒரு பங்கில் சில மாதங்கள் பணியாற்றினேன். அங்கே ஒரு பெரியவரிடம் 1960களில் செய்யப்பட்ட எம்.ஜி.பி. கார் ஒன்று இருந்தது. அவருடைய மகன் அதிலிருந்த பழைய காண்டாக்ட் பாயிண்டை எடுத்துவிட்டு, கணினி முறையில் இயங்கும் புதிய இக்னிஷன் பெட்டியைப் பொருத்தினார். சாவியைத் திருப்பியதும் வண்டி கிளம்பியது. ஆனால் இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் டாக்கோமீட்டரின் முள் மட்டும் பூஜ்யத்தை விட்டு அசையவில்லை.

"அது பழசாகிவிட்டது அப்பா. தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது வாங்கிவிடலாம்" என்றார் மகன். தந்தை பதில் சொல்லவில்லை. மகன் மீட்டரைப் பற்றித்தான் பேசினார். தந்தையின் காதில் அது வேறு விதமாக விழுந்தது என்பதை அவர் முகம் சொல்லியது.

மறுநாள் வயதான மெக்கானிக் ஒருவர் வந்து பார்த்தார். "மீட்டரில் ஒரு குறையும் இல்லை" என்றார். அந்தக் காலத்து மீட்டர், காயிலுக்குப் போகும் மின்னோட்டம் விட்டுவிட்டு ஓடுவதை ஒரு வளையக் கம்பியின் வழியாக உணர்ந்து எண்ணுகிறது. நான்கு சிலிண்டர் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு இரண்டு தீப்பொறி. நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் விநாடிக்கு 100 துடிப்பு. புதிய பெட்டியும் இதே கணக்கைத் தன் ஒயரில் அனுப்பத்தான் செய்தது. ஆனால் அது மெல்லிய வோல்டேஜ் சிக்னல். மீட்டருக்கோ மின்னோட்டம் மட்டுமே தெரியும். பேசுகிறவரும் சரி, கேட்கிறவரும் சரி. இடையில் மொழிதான் வேறு.

மெக்கானிக் இரண்டுக்கும் நடுவே ஒரு சிறிய டிரான்சிஸ்டர் சுற்றை வைத்தார். பெட்டியின் சிக்னலை அது வாங்கி, வளையக் கம்பியில் மின்னோட்டத்தை விட்டுவிட்டுச் செலுத்தியது. முள் எழுந்தது!

ஆனால் மகனின் மடிக்கணினி 3000 என்றபோது, மீட்டர் 1500 என்றது. பெட்டி, சுற்றுக்கு ஒரு துடிப்பு அனுப்பும்படி அமைக்கப்பட்டிருந்தது. அதை மகன் இரண்டாக மாற்றினார். பிறகு அவர் எண்ணைச் சொல்லச் சொல்ல, தந்தை மீட்டருக்குள் இருந்த சிறு திருகை மெல்லத் திருப்பி முள்ளைச் சரிசெய்தார். அன்று மாலை இருவரும் ஒன்றாக வண்டியில் போனார்கள்.

அன்புக்குரியவர்களே, நம் வீடுகளிலும் அசையாத முட்கள் உண்டு. கைப்பேசியில் பணம் அனுப்பத் தெரியாத அப்பாவைப் பார்த்து, "உங்களுக்கு ஒன்றும் புரியாது" என்கிறோம். மருத்துவர் வேகமாகச் சொன்னதைப் பாட்டி திரும்பக் கேட்டால், "காது மந்தம்" என்கிறோம். அவர் தலையை ஆட்டிவிட்டால் புரிந்துவிட்டது என்று விட்டுவிடுகிறோம். பாதியாகப் புரிந்துகொண்ட மருந்துக் கணக்கு, பாதியாகக் காட்டும் மீட்டரைவிட ஆபத்தானது.

இன்று இரவு உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரின் அருகில் உட்காருங்கள். ஒரே ஒரு காரியத்தை அவருக்குப் பழக்கமான சொற்களில் நிதானமாகச் சொல்லுங்கள். பிறகு அதையே அவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். தவறினால் அவரைக் குறை சொல்லுமுன், நாம் சொன்ன விதத்தைச் சற்றுத் திருத்திப் பார்ப்போம்.