‘வழங்கலாம்’ என்னும் சொல்லின் எடை



நான் மருத்துவன் அல்லன், மொழியியல் பயின்றவன். எனினும், புற்றுநோய் வலிக்கு அக்குபங்சர் எனப்படும் குத்தூசி மருத்துவம் பயன் தருமா என்னும் ஆய்வுகளைப் பேச எடுத்துக்கொண்டேன். சீன மருத்துவக் கூடங்கள் நம் குடியிருப்புகளுக்கு அருகிலேயே உள்ளன. வலியால் தவிக்கும் உறவினரை அங்கே அழைத்துச் செல்லலாமா என எண்ணுவோர் முதலில் படிப்பது தமிழ்ச் செய்தியைத்தான்.

2015ஆம் ஆண்டுக் காக்ரேன் மீளாய்வில் தகுதி பெற்றவை ஐந்தே ஆய்வுகள். பங்கேற்றோர் 285 பேர். முடிவு கூறப் போதிய சான்று இல்லை என்றது அம்மீளாய்வு. இதனைப் ‘பயனில்லை’ என மொழிபெயர்ப்பது பிழை. சான்று இல்லாமை வேறு. இல்லை என்பதற்குச் சான்று வேறு.

2018இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு இன்னும் நுட்பமானது. மார்பகப் புற்றுநோய்க்காக அரோமடேஸ் தடுப்பு மாத்திரை உட்கொண்டு, அதனால் மூட்டுவலிக்கு ஆளான 226 பெண்கள் அதில் பங்கேற்றனர். ஒரு பிரிவினருக்கு முறையான குத்தூசி. மற்றொரு பிரிவினருக்குப் போலிக் குத்தூசி, அதாவது உரிய புள்ளிகள் அல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்துதல். மூன்றாம் பிரிவினர் காத்திருப்போர். ஆறு வாரத்தில், பத்துப் புள்ளி அளவுகோலில் வலி முறையே ஏறத்தாழ 2.1, 1.1, 1.0 குறைந்தது. வேறுபாடு ஒரு புள்ளியளவே. இதனைப் ‘புள்ளியியல் முக்கியத்துவம்’ உடையது என்கிறோம். ‘முக்கியம்’ என்றதும் பெரிய நிவாரணம் என வாசகர் கொள்கிறார். அச்சொல் கூறுவதோ, இவ்வேறுபாடு தற்செயலாய் நேர்ந்திருக்க வாய்ப்புக் குறைவு என்பது மட்டுமே. நோயாளிக்கு அதனால் எவ்வளவு நன்மை என்பது உறுதியில்லை என ஆய்வாளர்களே எழுதினர். நல்ல கலைச்சொல் இன்னும் நமக்கு வாய்க்கவில்லை என்பேன்.

2022இல் அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கமும் ஒருங்கிணைந்த புற்றுநோயியல் சங்கமும் இணைந்து வழிகாட்டி ஒன்றை வெளியிட்டன. மேற்சொன்ன மூட்டுவலிக்குக் குத்தூசியை ‘வழங்க வேண்டும்’. பொதுவான புற்றுநோய் வலிக்கு ‘வழங்கலாம்’. சான்றின் வலிமைக்கேற்ப வினைமுற்று மாறுகிறது. தமிழில் ‘லாம்’ அனுமதியையும் குறிக்கும், வாய்ப்பையும் குறிக்கும், ‘போகலாம்’ என அழைப்பாகவும் வரும். ஆகவே சூழலை விளக்காமல் அதனைத் தனியே நிறுத்தினால் பொருள் வழுவும். ‘லாம்’ போட்ட மாணவனிடம் ‘உறுதியாக எழுது’ எனத் திருத்தும் ஆசிரியர்களும் இவ்வரங்கில் இருக்கக்கூடும். அறிவியல் கட்டுரையில் சற்றே பொறுத்தருள்க.

வலி மருந்தை நிறுத்திவிட்டு ஊசிக்குச் செல்லுமாறு அவ்வழிகாட்டி கூறவில்லை. சிகிச்சையால் இரத்தத் தட்டணுக்கள் குறைந்தவர் முதலில் தம் புற்றுநோய் மருத்துவரைக் கேட்டாக வேண்டும்; அங்கே ‘லாம்’ பொருந்தாது.