மனசைத் தொடுவது கதையா, வரலாறா?

நடுவர் அவர்களே! "கதை வெறும் பொழுதுபோக்கு, வரலாறுதான் அறிவு"ன்னு எதிரணிச் சகோதரி சொன்னாங்க. நான் சமீபத்திலே ரெண்டும் படிச்சேன். ரெண்டுமே சாகித்ய அகாதெமி விருது வாங்கினது.

2024இல் விருது பெற்றது ஆ.இரா. வேங்கடாசலபதியின் 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908'. வ.உ.சி. கைதானதும் ஊரே கொதிச்சது. துப்பாக்கிச் சூட்டில் நாலு பேர் மாண்டாங்க. படிச்சேன், தெரிஞ்சுக்கிட்டேன்.

2020இல் விருது பெற்ற இமையத்தின் 'செல்லாத பணம்' நாவலில், தீக்காயத்தோடு ஜிப்மரில் கிடக்கிறாள் ரேவதி. பெத்தவங்க வெளியே தவிக்கிறாங்க. பணம் இருக்கு, உயிரை வாங்க முடியலை!

அதுக்கப்புறம்தான்யா, அந்த நாலு பேரைப் பெத்தவங்களும் எனக்கு ஞாபகம் வந்தாங்க! வரலாறு சாவைச் சாட்சியோடு சொல்லும். சாவு வீட்டு வாசலில் நம்மை உட்கார வைப்பது கதைதான்! (கைதட்டல்)