இரத்த பாசமா? அரச கட்டளையா?

(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



குடும்பக் கடமை ஒரு பக்கம் இழுக்கிறது. நாட்டின் சட்டம் மறுபக்கம் இழுக்கிறது. மனிதன் எந்தப் பக்கம் போவது? 2,400 ஆண்டுகளுக்கும் முன்பே இந்தக் கேள்வியை நாடகமாக எழுதி மேடையேற்றினார் ஒரு கிரேக்கர். அவர் பெயர் சோபக்கிளிஸ். நாடகத்தின் பெயர் 'அந்திகோனி'. கி.மு. 441-ஆம் ஆண்டை ஒட்டி ஏதென்ஸ் நகரத்திலே அது நடிக்கப்பட்டது. சோபக்கிளிஸ் வெறும் புலவர் மட்டுமல்ல. ஏதென்ஸின் படைத்தலைவர்களுள் ஒருவராகவும் பதவி வகித்தவர். ஆணையிடுவது என்றால் என்னவென்று அவருக்கு நன்றாகவே தெரியும்.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தீப்ஸ் நகரத்து மன்னன் ஈடிபசுக்கு இரண்டு ஆண்பிள்ளைகள், இரண்டு பெண்பிள்ளைகள். தகப்பனுக்குப் பிறகு அரசுரிமைக்காக ஆண்பிள்ளைகள் சண்டை போட்டார்கள். எட்டியோக்கிளிஸ் உள்ளே இருந்து ஊரைக் காத்தான். பொலினைசஸ் வெளியூர்ப் படையைக் கூட்டிக்கொண்டு வந்து சொந்த ஊரையே தாக்கினான். கடைசியில் ஒருவர் கையால் ஒருவர் மாண்டார்கள். அடுத்து அரசனானவன் கிரியோன். அவன் யார் தெரியுமா? இந்தப் பிள்ளைகளின் தாயோடு பிறந்தவன். நம் முறைப்படி சொன்னால் தாய்மாமன்!

அந்தத் தாய்மாமன் போட்ட கட்டளை என்ன? ஊரைக் காத்தவனுக்கு முழு மரியாதையோடு அடக்கம். ஊரைத் தாக்கியவன் பிணம் நாய்களுக்கும் பறவைகளுக்கும். யாரும் அழக்கூடாது, மண் போடக்கூடாது. மீறினால் மரண தண்டனை.

இறந்தவனின் சகோதரி அந்திகோனிக்கு மனம் பொறுக்கவில்லை. உடன்பிறந்தவள் இஸ்மேனியைத் துணைக்கு அழைத்தாள். அவளோ பயந்து பின்வாங்கினாள். அந்திகோனி தனியாகவே போய்ப் பிணத்தின்மேல் மண்ணைத் தூவினாள். காவலர்கள் அதைத் துடைத்தெறிந்தார்கள். மறுபடியும் போனாள், பிடிபட்டாள். அரசன் கேட்டபோது, "ஆமாம், நான்தான்" என்றாள். மறைக்கவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை.

இதையே பட்டிமன்றத் தலைப்பாக வைத்தால் இரண்டு அணிக்கும் பேசுவதற்கு நிறைய இருக்கிறது.

கிரியோன் அணி சொல்லும்: இப்போதுதான் போர் முடிந்திருக்கிறது. ஊரைக் காத்தவனையும் அழிக்க வந்தவனையும் ஒன்றாக நடத்தினால் நாடு என்னாவது? மருமகள் என்று விட்டுக்கொடுத்தால் மற்றவன் எவன் சட்டத்தை மதிப்பான்? ஏதென்ஸிலும் துரோகிகளைச் சொந்த மண்ணில் புதைக்கத் தடை இருந்தது. ஆகவே நாடகம் பார்த்தவர்களுக்குக் கிரியோன் பேச்சு புதிதல்ல. ஆனால் ஒன்று: அங்கே பிணத்தை எல்லைக்கு வெளியே கொண்டுபோய்ப் புதைக்க வழியிருந்தது. கிரியோன் அந்த வழியையும் அடைத்துவிட்டான்.

அந்திகோனி அணி சொல்லும்: அரசன் கட்டளை நேற்று வந்தது. செத்தவர்களுக்குச் செய்யவேண்டிய கடமையோ எழுதாத சட்டம். எந்த அரசனுக்கும் மூத்தது. தாயும் தகப்பனும் போன பிறகு இன்னொரு சகோதரன் எங்கிருந்து பிறப்பான்?

ஜெர்மானியத் தத்துவ அறிஞர் ஹெகல், இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது, நியாயமும் நியாயமும் மோதுவதுதான் துன்பம் என்று கருதினார். அது சரிதான். ஆனால் நியாயங்கள் மோதினாலும் இத்தனை உயிர் போயிருக்க வேண்டுமா? போனதற்குக் காரணம் கிரியோனின் கேளாத காது என்பதே என் எண்ணம்.

கிரியோனின் மகன் ஹேமோன், அந்திகோனிக்கு நிச்சயிக்கப்பட்ட மாமன் மகன். அவன் எடுத்த எடுப்பிலே சத்தம் போடவில்லை. தகப்பனை மதித்துப் பேசினான். ஊர் ஜனங்கள் அவளுக்காக இரக்கப்படுவதையும், உங்கள் முகத்துக்கு நேரே சொல்லப் பயப்படுவதையும் எடுத்துச் சொன்னான். சின்னப் பையனா எனக்குப் புத்தி சொல்வது என்று கிரியோன் சீறினான். அந்திகோனியை உயிரோடு குகையில் அடைத்தான். அடுத்து வந்தார் கண் தெரியாத முதியவர், குறி சொல்லும் தைரீசியஸ். அவரையும் காசு வாங்கிக்கொண்டு பேசுவதாக ஏசினான்.

அவர் போன பிறகுதான் பயம் வந்தது. ஊர்ப் பெரியவர்களிடம் யோசனை கேட்டான். முதலில் குகையில் இருக்கும் பெண்ணை விடுவியுங்கள், பிறகு பிணத்தை அடக்கம் செய்யுங்கள் என்றார்கள். கிரியோன் என்ன செய்தான்? முதலில் பிணத்துக்குச் சடங்கு செய்து மண்மேடு எழுப்பினான். பிறகுதான் குகைக்குப் போனான். அதற்குள் அந்திகோனி உயிரை மாய்த்துக்கொண்டாள். ஹேமோனும் அவள் அருகிலேயே மாண்டான். செய்தி கேட்ட தாய் யூரிடிசியும் போனாள். செத்தவன் காத்திருக்கலாம்; உயிரோடு இருப்பவள் காத்திருக்க முடியுமா? சட்டத்தைக் காப்பாற்றப் போனவன் வீட்டில் விளக்கேற்ற ஆளில்லை.

தென்னாப்பிரிக்காவின் ரோபன் தீவுச் சிறையில் கைதிகள் இந்த நாடகத்தை நடித்தபோது, கிரியோன் வேடம் போட்டவர் நெல்சன் மண்டேலா. 1994-இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றிலே, வளைந்து கொடுக்காத குணம் தலைவனுக்கு ஆகாது என்று அதை நினைவுகூர்கிறார். பின்னாளில் அவரே நாட்டை ஆண்டார்.

மாணவச் செல்வங்களே, நியாயம் என்று பட்டதைச் சொல்லுங்கள். ஹேமோன் தொடங்கியதுபோல மரியாதையோடு சொல்லுங்கள். பெற்றோர்களே, ஆசிரிய நண்பர்களே, அரசனாக இருந்தால்தான் கிரியோன் ஆகலாம் என்பதில்லை. ஒரு வீடும், பேசத் துணிந்த ஒரு பிள்ளையும், "வாயை மூடு" என்ற ஒரு சொல்லும் போதும். நம் பிள்ளை நம்மிடம் வந்து பேசும்போதே கேட்டுவிடுவோம்.