கணக்கு எழுதும் குப்பைச் சக்கரம்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். பேச்சுக்குப் பிறகு போண்டா என்று கேள்வி, அதனால் எட்டிலேயே முடிக்கப் பார்க்கிறேன்.

கடலில் சேரும் பிளாஸ்டிக்கை எடுக்க என்னென்ன இயந்திரங்கள் இருக்கின்றன என்று என் பேத்தி பள்ளிக்கூட வேலைக்காகத் தேடினாள். நானும் கூட உட்கார்ந்தேன். நான் பி.காம். படித்து வங்கியில் கிளார்க்காக இருந்தவன். எனக்கு இயந்திரம் புரியாது, வரவு செலவு புரியும்.

போயான் ஸ்லாட் என்ற டச்சு இளைஞர் 2013-ல், தம்முடைய 18 வயதில், 'ஓஷன் கிளீனப்' என்ற அமைப்பைத் தொடங்கினார். ஹவாய்க்கும் கலிபோர்னியாவுக்கும் நடுவே பசிபிக்கில் நீரோட்டங்கள் சுழன்று குப்பையைச் சேர்த்து வைக்கும் இடம் ஒன்று உண்டு. 2018-ல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி அங்கே மிதப்பது சுமார் 80,000 டன். அதில் ஏறக்குறைய பாதி மீன்பிடி வலைகள். அந்த ஆண்டு செப்டம்பரில் 600 மீட்டர் நீளமுள்ள மிதக்கும் குழாய் ஒன்றை சான் பிரான்சிஸ்கோவிலிருந்து இழுத்துப் போனார்கள். காற்றும் அலையும் தள்ள, குப்பை தானாக அதன் வளைவுக்குள் வந்து சேரும் என்பது திட்டம். வந்தது, நிற்கவில்லை. டிசம்பர் கடைசியில் குழாயின் முனையில் 18 மீட்டர் ஒடிந்தே போனது. அவர்கள் விடவில்லை. பிறகு இரண்டு கப்பல்கள் சேர்ந்து இழுக்கும் தடுப்பாக மாற்றினார்கள், அதில் குப்பை ஏறியது. ஆனால் கப்பலுக்கு எண்ணெய், ஆட்களுக்குச் சம்பளம், கரைக்கு வரப் பல நாள் பயணம். வராக்கடன் வசூல் மாதிரிதான். கடன் கொடுக்கும்போதே பார்த்திருக்க வேண்டும்.

என் மனதுக்குப் பிடித்தது அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்துச் சக்கரம். ஜோன்ஸ் ஃபால்ஸ் ஆறு துறைமுகத்தில் கலக்கும் வாயில் 2014-ல் வைத்தார்கள். மிதவைத் தடுப்புகள் குப்பையை ஒரு பக்கமாகத் திருப்பும். ஆற்றின் ஓட்டத்திலேயே பெரிய சக்கரம் சுழன்று, குப்பையை ஏற்றிக்கொண்டுபோய்த் தொட்டியில் கொட்டும். ஓட்டம் குறைந்தால் சூரிய மின்சாரத்தில் பம்பு ஓடி, சக்கரத்தின் மேல் தண்ணீர் விடும். ஊர்க்காரர்கள் அதற்கு இரண்டு பெரிய கண் ஒட்டி, 'மிஸ்டர்' பட்டமும் கொடுத்துவிட்டார்கள். ஒருமுறை மலைப்பாம்பு கூட அதில் ஏறி உட்கார்ந்திருந்ததாம்!

அதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிந்தது, அவர்கள் கணக்கு எழுதுகிறார்கள் என்பது. எத்தனை பாட்டில், எத்தனை சிகரெட் துண்டு, எத்தனை ஃபோம் உணவுப் பெட்டி என்று தொட்டிவாரியாக இணையத்தில் போடுகிறார்கள். ஃபோம் பெட்டிக்குத் தடை கேட்டவர்கள் கையில் அந்தக் கணக்கு இருந்தது. 2019 அக்டோபரில் தடை அமலுக்கு வந்தது.

இப்போது நம் பின்சுவருக்கு வருகிறேன். போன மழையில் வடிகால் அடைத்து, பார்க்கிங்கில் முழங்கால் தண்ணீர் நின்றது. 'வெளியாட்கள் போடும் குப்பை' என்றுதான் எல்லோரும் சொன்னோம், நானும் சொன்னேன். அள்ளியபோது பக்கத்தில் நின்று எண்ணினேன். சட்னி, சாம்பார் கட்டிவந்த சின்னக் கவர்கள் 212. பால் பாக்கெட்டில் கத்தரித்த முனைகள் 340-க்கு மேல், பிறகு விட்டுவிட்டேன். அந்த முனையை வெட்டி சிங்க்கில் விடுவது நானும்தான். இதெல்லாம் இங்கிருந்து பக்கிங்ஹாம் கால்வாய், அங்கிருந்து கடல்.

வடிகால் வாயில் ஒரு கம்பி வலை வைக்கச் சங்கத்திடம் பணம் கேட்கிறேன். வாரா வாரம் யார் அள்ளுவது என்று பொருளாளர் கேட்கிறார், நியாயமான கேள்வி. மழைக்காலம் முடியும்வரை சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு நான் அள்ளுகிறேன். எண்ணுவதற்கு இன்னும் இரண்டு பேர் வேண்டும். நோட்டு வாங்கிவிட்டேன், செக்யூரிட்டி அறையில் இருக்கிறது. பெயர் கொடுத்துவிட்டுப் போண்டாவுக்குப் போகலாம்.